தராசில் ஏறாத தூசி

1

இந்தக் கதையை இலக்கியம் வளர்க்க எழுதுகிறேன் என்று சொன்னால் எனக்கே சிரிப்பு வந்துவிடும். என் நாற்காலியை மீட்கத்தான் எழுதுகிறேன்.

ஜன்னலோரம், கால் நீட்ட ஒரு முக்காலி, காபி டம்ளர் வைக்கக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மேசை என்று, ஓய்வு பெற்ற கையோடு பார்த்துப் பார்த்து நான் அமைத்துக்கொண்ட இடம் அது. இப்போது அதில் என் மனைவியின் அக்கா உட்கார்ந்திருக்கிறார். நான் அண்ணி என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிடறேன் தம்பி" என்று பெட்டியோடு வந்தவர். காலண்டரில் தாள் கிழித்தே எனக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. குறுக்கெழுத்துப் புதிரை நான் பல் விளக்கி வருவதற்குள் முடித்துவிடுகிறார். அதுவும் பேனாவால்.

அண்ணி கோபித்துக்கொண்டு வரவில்லை. மூச்சு விட வந்திருக்கிறார். அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே மூச்சு விடத்தான். அவருடைய வீட்டுப் பின்னறை கணவரின் மரப் பட்டறை. அங்கே கிளம்புகிற தூள் கூடம், படுக்கையறை, அடுப்பங்கரை என்று எல்லா இடத்துக்கும் போய்க் குசலம் விசாரித்துவிட்டு, கடைசியில் அண்ணியின் நெஞ்சுக்குள் குடியேறிவிட்டது. இங்கே வந்தபோது, மூன்று வார்த்தை பேசினால் மாடிப்படி ஏறியவர் மாதிரி நின்று மூச்சு வாங்கினார்.

நுரையீரல் டாக்டர் அம்மாள் நிதானமானவர். தனக்கு மரத்தின் மேல் ஒரு கோபமும் இல்லை, தூசியின் மேல்தான் என்றார். கொஞ்ச நாள் தூசியில்லாத வீட்டில் இருக்கட்டும். அந்த வீட்டுத் தூசி அடங்காத வரை திரும்பிப் போகவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஆக, முடிச்சு இதுதான். ஒளிவுமறைவே கிடையாது. அண்ணியின் கணவர் தன் பட்டறையையும் வைத்துக்கொண்டு, மனைவியையும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா? முடியும், தள்ளிக்கொண்டு போகிற மாதிரியும் கைக்கு அடங்குகிற விலையிலும் ஒரு தூசி உறிஞ்சும் இயந்திரம் பார்த்து வாங்கினால். எந்த ராஜ்யமும் கவிழப்போவதில்லை. ஒரு நாற்காலிதான்.

2

கதைக்கு ஆரம்பம் வேண்டுமே.

முதல் ஆரம்பம்: "அந்த வீட்டில் எவ்வளவு தூசி என்றால், சுவரில் போன பல்லி தும்மித் தும்மியே வாலை உதிர்த்தது. காலையில் எழுந்தவர்கள் ஒருவரை ஒருவர் ஊதிப் பார்த்துத்தான் அடையாளம் கண்டுகொண்டார்கள். மின்விசிறியைப் போட்டால் —"

(பக்க ஓரத்தில் அண்ணியின் பென்சில்: எங்க வீட்ல பல்லியே கிடையாது.)

[எழுதி முடித்த தாளை மேசை மேல் வைத்துவிட்டு நகர்ந்தால் அண்ணி எடுத்துப் படித்துவிடுகிறார். மேசைதான் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே. நான் வேலை பார்த்ததோ வானிலை அலுவலகத்தில். கூரை பெயர்த்துக்கொண்டு கொட்டினாலும் "பரவலாக மழை பெய்யக்கூடும்" என்றுதான் எழுத விடுவார்கள். ஒரு ஆயுள் முழுக்க அடக்கிவைத்த மிகைப்படுத்தல் இப்போது கரை உடைகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.]

இரண்டாவது ஆரம்பம்: "மனிதன் மரத்தை அறுக்கத் தொடங்கிய நாள்முதலே தூசியும் அவனும் —"

இதைப் படித்துவிட்டு என் மனைவி, இது கதையா, பரீட்சைக்கு எழுதின பதிலா என்று கேட்டாள். அந்த வாக்கியத்தை அந்தரத்திலேயே விட்டுவிட்டேன். பாவம், இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

மூன்றாவது ஆரம்பம்: "மனைவி வீட்டை விட்டுப் போன அன்று தராசு அவளுடைய தலையணையை எடை போட்டார்."

இதில் அண்ணி பென்சில் வைக்கவில்லை. "இது நடந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

3

தராசு என்பது என் சகலையின் பட்டப்பெயர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிற ஆய்வாளர் வேலை. அவர் தெருமுனையில் திரும்பினாலே வியாபாரிகளின் கல்லெல்லாம் தானாக எடை கூடும் என்று பேச்சு. கண் பொய் சொல்லும், நாக்கு பொய் சொல்லும், தராசு சொல்லாது என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் உறுப்பினர். ஆனால் பிளவு என்பதே இல்லை.

ஓய்வு பெற்றதும் சோதிக்கக் கடை இல்லாமல் அடுப்பங்கரைக்குள் நுழைந்தார். சர்க்கரைப் பொட்டலம், வெங்காயம், அண்ணி கிள்ளிப் போடுகிற உப்பு எல்லாம் தட்டில் ஏறி இறங்கின. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அண்ணி ஒரு நாள் தன் சேமிப்பிலிருந்து மேசை ரம்பம் ஒன்றை வாங்கிப் பின்னறையில் இறக்கி, "இனிமே உங்க ராஜ்யம் அங்க" என்று எல்லை பிரித்துவிட்டார். ரம்பத்தைத் தொடர்ந்து இழைப்பு இயந்திரம் வந்தது, உப்புத்தாள் சுற்றுகிற இயந்திரம் வந்தது. தராசு முக்காலி, நாற்காலி என்று செய்து குவித்தார். அவர் செய்த நாற்காலிக்கு நாலு காலும் குந்துமணி பிசகாமல் ஒரே எடை. ஒரே நீளம்தான் இல்லை.

சரி, தலையணை. அண்ணி போன அன்று அதை எடை போட்டார். வாசலில் கொண்டுபோய்த் தட்டு தட்டென்று தட்டினார். திரும்பவும் எடை போட்டார். முள் அசையவில்லை. ஆகவே தூசி என்று ஒன்று இல்லை, டாக்டர் ஏதோ புரளி கிளப்புகிறார் என்று தீர்ப்பெழுதினார்.

[இந்த இடத்தில் எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. பெண்டாட்டி மூச்சிரைக்க வீட்டை விட்டுப் போயிருக்கிறாள், இவன் தலையணையை நிறுத்துக்கொண்டிருக்கிறானே, இவனை வில்லனாக்கிவிடலாமா? மீசையைக்கூட முறுக்கிவிட்டுப் பார்த்தேன். சரிப்படவில்லை. ஏனென்றால் தீர்ப்பெழுதிய கையோடு அவர் அந்தத் தலையணையை உள்ளே கொண்டுபோய், அண்ணி படுக்கிற பக்கத்திலேயே, சுருக்கத்தை நீவி வைத்தார். பிறகு எனக்குப் போன் போட்டு, தூசி இல்லாவிட்டாலும் ஓர் இயந்திரம் வாங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டு, அவள் சாப்பிட்டாளா என்று கேட்டார். இப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு எப்படி வில்லத்தனம் பண்ணுவது?]

4

தராசு இயந்திரம் பார்க்கக் கடைக்குப் போனார். கடைக்காரர் எதையும் சத்தத்தை வைத்தே விற்கிறவர். "சத்தத்தைக் கேளுங்க சார்" என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார்.

முதலாவது ஆள் உயரம், இரண்டு பை, யானைத் தும்பிக்கை மாதிரி குழாய். அதைப் போட்டதும் எதிர்க்கடைப் பெயர்ப்பலகை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்தது. (பென்சில்: வரலை. பென்சிலுக்கு என் பதில்: வந்திருக்கலாம்.) அது பட்டறைக் கதவுக்குள் நுழையாது. விலையோ ஓய்வூதியத்துக்குள் நுழையாது.

இரண்டாவது ஒரு டிரம்மின் தலையில் மோட்டாரை உட்காரவைத்தது. வீடு பெருக்குகிற ரகம். குழாய் கட்டைவிரல் கனம். தராசு நாலு மரச் சீவலை வாய்க்குக் கொடுத்துப் பார்த்தார். விக்கிக்கொண்டது.

மூன்றாவது இடுப்பு உயரம். அடியில் சக்கரம், நடுவில் மோட்டார், தலையில் ஒரு துணிப்பை. குழாய் நல்ல அகலம். ரம்பத்தில் வேலையென்றால் ரம்பத்தில் மாட்டலாம். முடிந்ததும் கழற்றி, இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போய் இழைப்பு இயந்திரத்தில் மாட்டலாம். ஒரே மாப்பிள்ளை எல்லா மாமனார் வீட்டுக்கும் போய்வருகிற ஏற்பாடு. விலையும் தொட்டால் சுடவில்லை.

கடைக்காரர் சீவலை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். லபக் லபக்கென்று விழுங்கியது. மற்றவர்கள் அதோடு பணத்தை எடுத்து நீட்டியிருப்பார்கள். தராசு தான் தோளில் மாட்டி வந்த பையைத் திறந்து தராசை எடுத்தார். போட்ட சீவலுக்கும் பைக்குள் போய்ச் சேர்ந்ததற்கும் எடை பார்த்தார். கடைக்குள் ஒரு கூட்டமே கூடிவிட்டது. சமமாக நின்ற முள்ளைப் பார்த்துச் சிலர் கண்ணீர் விட்டார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடியும் சோதித்தார். ஒரு பலகையை நிறுத்து, அறுத்து, இழைத்து, மிச்ச மரத்தையும் பைத்தூளையும் சேர்த்து நிறுத்தார். கணக்கு உதைக்கவில்லை. மரத்திலிருந்து போனதெல்லாம் பைக்குள் இருந்தது. அப்படியானால் காற்றில் ஒன்றும் இல்லை. அவருக்கு இதைவிடப் பெரிய நிம்மதி வேறென்ன? அண்ணியை அழைத்து, "கணக்கு சரியா இருக்கு, கிளம்பி வா" என்றார்.

அண்ணி போனார். நான் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினேன். இங்கேயே கதையை முடித்துவிட வேண்டும் என்று எனக்கிருந்த ஆசையை நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

5

மறுநாள் காலை, புது இயந்திரத்தின் பெருமையைக் காட்ட, தராசு பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆசைதீர மரத்தை அறுத்துத் தேய்த்தார். வேலை முடிந்து கதவைத் திறந்தபோது படுக்கையறையிலிருந்து இருமல் கேட்டது.

அண்ணி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாத்தியிருந்த திரை ஒரு விரற்கடை விலகி, அந்த இடைவெளி வழியாக வெயில் ஒரு பட்டையாக விழுந்திருந்தது. பட்டைக்குள்ளே தூசி. கோடானு கோடி. மீன்குஞ்சுக் கூட்டம் மாதிரி மேலே போவதும் கீழே வருவதும் திரும்புவதுமாக. (இதில் நான் ஒரு துளியும் மிகைப்படுத்தவில்லை. முடியவும் முடியாது.)

"இங்க வாங்க" என்றார் அண்ணி. கணவர் பக்கத்தில் வந்து நிற்கும்வரை மூச்சைச் சேர்த்துக்கொண்டு, வெயில் பட்டையைக் காட்டினார்.

"இதை… நிறுத்துக் காட்டுங்க."

[இங்கே தராசின் மனவோட்டத்தை முழுசாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வாழ்நாள் நம்பிக்கை நொறுங்கும் ஓசை, தூரத்தில் ஒரு ரயில், இத்யாதி. அண்ணி மொத்தத்தையும் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியது: அவர் ஒண்ணும் நினைக்கலை. சும்மா நின்னார்.]

சும்மா நின்றார். மதியத்துக்குள் அவரே வாடகைக் காரில் அண்ணியைக் கொண்டுவந்து விட்டார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. தன் சட்டையில் தூள் இருக்குமாம்.

6

சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. ரம்பத்தின் மேல் போர்வையைப் போர்த்திவிட்டதாகச் சொன்னார். ஏதோ பிணத்தை மூடிவிட்டு வந்தவர் மாதிரி சொன்னார். "எல்லாத்துக்கும் ஒரு ஆள் பாரு சகலை. வித்துடலாம்."

முடிவு அ: விற்றுவிடுகிறார். பின்னறை காலியாகிறது, அண்ணி வீடு திரும்புகிறார், சுபம். எழுதிவிட்டேன், வேண்டுமென்றே மேசை மேல் வைத்தேன், ஒளிந்திருந்து பார்த்தேன். அண்ணி படித்தார். பென்சிலைத் தேடவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"வித்துட்டு… அவர் எங்க உட்காருவார்? … அடுப்பங்கரையில. தூசியே… தேவலாம் தம்பி."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வேலையை விட்டு வந்த பிறகு அந்த மனுஷன் வாய்விட்டுச் சிரித்ததே அந்தப் பின்னறையில்தான் என்றார். முதல் முக்காலி ஆடியபோது அதன்மேல் உட்கார்ந்து அவரும் சேர்ந்து ஆடிக்காட்டினாராம்.

"விக்கக் கூடாதுன்னு… சொல்லுங்க. தூசியைப் பிடிக்கச் சொல்லுங்க."

முடிவு ஆ: தராசு அந்த யானையையே வாங்கிவிடுகிறார். சுவரை இடித்து உள்ளே கொண்டுவருகிறார். பொத்தானை அழுத்தியதும் தூசி போகிறது, திரை போகிறது, போர்வை போகிறது, அடுத்த வீட்டுக்காரரின் டோப்பா போகிறது, தெருவில் போன தபால்காரர் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு கிடைமட்டமாகப் பறக்கிறார், கடைசியில் என் கதைத்தாள்கள் ஒவ்வொன்றாக —

(பென்சில்: இதுக்கு மூச்சு வாங்கறதே மேல்.)

எனக்கென்னவோ பிடித்திருந்தது.

7

நடந்தது இது.

அண்ணி சொன்னதை நான் போனில் சொன்னேன். அடுப்பங்கரை விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். தராசு போனை வைத்துவிட்டார். காலையில் போர்வையை எடுத்தார். தராசை அதன் பெட்டியில் வைத்து மூடி, பெட்டியை அடுப்பங்கரை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினார். பட்டறை ஜன்னலில் அட்டையை ஒட்டி, விரல் நுழைகிற மாதிரி ஒரு கீறல் மட்டும் விட்டார். அறை இருட்டியது. வெயில் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது.

மரம் எதையும் தொடவில்லை. இயந்திரத்தை மட்டும் வெறுமனே ஓடவிட்டு, முக்காலியில் ஆடியபடி உட்கார்ந்து பார்த்தார்.

துணிப்பை விம்மிப் புடைத்தது. புடைத்த கணம் அதன் ஒவ்வொரு இழையிலிருந்தும் மெல்லிய புகை கிளம்பியது. புகையில்லை, தூள். குழாயை அங்கே திருப்பினார், இங்கே திருப்பினார், அறுக்கிற மரமே இல்லாத அறையில் வெயில் பட்டை தூசியால் நிரம்பிக்கொண்டே வந்தது. கண்ணுக்குத் தெரிகிற சீவலையெல்லாம் பத்திரமாக வயிற்றில் வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத பொடியை மட்டும் சலித்து வீடு முழுக்க ஊதிக்கொண்டிருந்தது அந்த இயந்திரம். காசு கொடுத்து ஒரு சல்லடை வாங்கியிருக்கிறார், விஷயம் அவ்வளவுதான். முன்பாவது தூள் தானாகப் போனது. இப்போது மோட்டார் வைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

தராசின் கணக்கும் பொய்யில்லை. நெஞ்சை அடைக்கிற தூசிக்கு எடை என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லவே இல்லை. வாழ்க்கை முழுக்கக் குறைந்த எடையைப் பிடித்த மனிதர், எடையே இல்லாததைப் பிடிக்கத் தெரியாமல் நின்றுவிட்டார்.

இயந்திரத்தை அணைத்தார். மூக்கையும் வாயையும் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். தெருவில் பார்த்தவர்கள் வழிவிட்டார்கள்.

8

துணிப்பைக்குப் பதிலாக மாட்ட வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதற்குக் கடைக்காரர், சத்தம் இதைவிட நன்றாக இருக்கிற மாடல் இருக்கிறது என்றார். சத்தம் வேண்டாம், பொடித்தூளைப் பிடிக்கிற ஃபில்டர் வேண்டும் என்றார் தராசு. அப்படியெல்லாம் யாரும் கேட்டதில்லையே என்று தலையைச் சொறிந்துகொண்டே கடைக்காரர் எழுந்தார். அவர் உட்கார்ந்திருந்த பெட்டியின் பக்கவாட்டில் அந்த ஃபில்டரின் படம் அச்சிட்டிருந்தது. விசிறி மடிப்பு மடிப்பாக, பீப்பாய் உருவத்தில், துணிப்பை இருக்கிற இடத்தில் அப்படியே உட்காருகிற சாமான். விற்காத சரக்கு என்று ஆசனமாக்கியிருந்தார்.

[நிஜத்தில் அது பரணில் இருந்தது. நான்தான் கீழே இறக்கி ஆளை மேலே உட்காரவைத்தேன். கதையில் எனக்கு இந்தச் சுகமாவது வேண்டாமா?]

யாரும் கேட்காத பொருளானதால் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். தராசு பேரம்கூடப் பேசவில்லை.

மாட்டினார். ஜன்னல் கீறலுக்கு எதிரே நின்று, வீட்டிலேயே அதிகம் தூள் பறக்கிற காரியமான உப்புத்தாள் தேய்ப்பைத் தொடங்கினார். தேய்த்தார், தேய்த்தார், பலகையே தேய்ந்து பஞ்சாங்கத் தாள் மாதிரி ஆகும்வரை தேய்த்தார். வெயில் பட்டைக்குள் இரண்டொரு தூசி, கல்யாணத்துக்குப் பிந்தி வந்தவர்கள் மாதிரி, எங்கே உட்காருவது என்று தெரியாமல் மிதந்தன. அவ்வளவுதான். தராசு கைக்குட்டையை அவிழ்த்துவிட்டு அந்த வெறும் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம். "காலியா ஒண்ணைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது இதான் சகலை முதல் தடவை" என்றார் என்னிடம். பை நிறையவில்லை என்று வியாபாரிகளைப் பிடித்த மனிதர் சொல்கிற பேச்சா இது?

பிறகு வீட்டைத் துடைத்தார். ஈரத்துணியால், விளக்குமாறு தொடாமல், மின்விசிறி இறக்கையிலிருந்து கட்டிலுக்கு அடிப்பக்கம்வரை. அடுப்பங்கரையையும் விடவில்லை. திரைகளைத் துவைத்தார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் துவைக்கப் போய், கடைசி நிமிடத்தில் புத்தி வந்து நிறுத்தினார்.

இந்த முறை போனில் கணக்கு சரி என்று சொல்லவில்லை. அண்ணியிடமே பேசினார்.

"எனக்குத் தெரியலை. நீ வந்து பாரு. மூச்சு சரிப்படலைன்னா நானே கொண்டுவந்து விட்டுடறேன், அப்புறம் ரம்பத்தைப் பத்திப் பேச்சே இல்லை."

டாக்டரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்றார் அண்ணி. டாக்டர் அம்மாள் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தார். முன்னைக்கு இப்போது தேவலாம், போய்ப் பாருங்கள், ஆனால் மூச்சு இழுத்தால் அன்றைக்கே திரும்பிவிட வேண்டும் என்று அனுமதி கொடுத்தார். நேற்றுக் காலை அண்ணி போனார்.

9

முடிவு இ எழுத வேண்டிய இடம் இது. நேற்று முழுக்கப் போன் வரவில்லை. என் மனைவி எதை எடுத்தாலும் கீழே வைத்தாள், வைத்ததை எடுத்தாள். தராசு இன்று காலையிலிருந்து பட்டறையில் வேலை செய்வதாக ஏற்பாடு, அதுதான் பரீட்சை. அண்ணி இப்போது கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறாரா, இல்லையா? நான் இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருந்தேன். ஒன்றைப் படித்தால் மற்றொன்று பொய்யாகத் தெரிந்தது.

இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கும்போது போன் அடிக்கிறது.

மனைவி எடுத்தாள். "அக்கா" என்றாள். அதற்குமேல் அவளுக்குப் பேச இடம் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் அண்ணி தங்கையிடம் பேசவில்லை. போனைக் கையில் பிடித்தபடி கணவரைத் திட்டிக்கொண்டிருக்கிறார். பட்டறையில் இயந்திரம் ஓடுகிற சத்தமும் பின்னால் கேட்கிறது. மனைவி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்து என் பக்கம் நீட்டுகிறாள். அவள் கண்ணில் நீர், வாயெல்லாம் சிரிப்பு. நான் கேட்டபடியே எழுதுகிறேன். மிகைப்படுத்தவில்லை, எங்கேயும் புள்ளி வைக்கவும் இல்லை, ஏனென்றால் அவர் எங்கேயும் நிறுத்தவில்லை. மூச்சு வாங்கவும் நிற்கவில்லை. முற்றுப்புள்ளியை நீங்கள் பார்த்து எங்கேயாவது வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அவசரமில்லை:

"துடைங்கன்னா துடைச்சுட்டு இருந்த இடத்துல வைக்க வேண்டியதுதானே அதை விட்டுட்டு டப்பாவையெல்லாம் கனம் பார்த்து வரிசையா அடுக்கி வச்சிருக்கீங்களே சர்க்கரை எங்க இருக்குன்னு நான் என்னத்தைக் கண்டேன் காலையில காபியில உப்பைப் போட்டுக் குடிச்சேன் அதையும் நல்லாயிருக்குன்னு நீங்களும் குடிச்சீங்க அந்த மிஷினைக் கொஞ்சம் நிறுத்திட்டு இங்க வந்து பதில் சொல்லுங்க இல்லை நிறுத்த வேணாம் ஓடட்டும் அது பாட்டுக்கு ஓடட்டும் நீங்க மட்டும் வாங்க வந்து இந்த மேல்தட்டுப் பெட்டியை இறக்கிக் கொடுங்க இது என்ன இவ்வளவு கனமா இருக்கு இதுக்குள்ள என்னத்தைப் போட்டு வச்சிருக்கீங்க